வானத்துக்கு முன்னால் எல்லைக்கல்: நில உரிமையாளருக்கான வான்படக் கையேடு

நிலத்தை மேலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம், பரப்பு எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்பது வழக்கம். விற்பனை விளம்பரத்துக்கு என்பார் ஒருவர். பக்கத்து நிலத்துக்காரர் வேலியை நகர்த்திவிட்டாரோ என்ற சந்தேகம் என்பார் இன்னொருவர். கூரையில் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஓடைக்கரையில் மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று தெரிய வேண்டும், தொலைவில் இருக்கும் உடன்பிறந்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று காரணங்கள் நீளும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே படம் போதும் என்று நினைத்து வேலையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை செலவு செய்கிறார்கள்.

மேலிருந்து எடுக்கும் படங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கேமராவை நேர்க்கீழாகத் திருப்பி எடுப்பது செங்குத்துப் படம். தொடுவானமும் தெரியும்படி சாய்த்து எடுப்பது சாய்வுப் படம். செங்குத்துப் படம் வரைபடத்தின் உறவுக்காரர். அதில் அளக்கலாம், ஆனால் அதைப் பார்ப்பவருக்கு மேடும் பள்ளமும் சுவரின் உயரமும் எளிதில் புலப்படாது. சாய்வுப் படம் கண்ணால் பார்ப்பதற்கு நெருக்கமானது. சாலை எந்தப் பக்கம், மரங்கள் எவ்வளவு உயரம், வீடு எதைப் பார்த்து நிற்கிறது என்பவற்றை ஒரே பார்வையில் சொல்லிவிடும், ஆனால் அதன்மேல் அளவுகோலை வைக்க முடியாது, ஏனெனில் அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் விழுகிறது. விற்பனைக்கும் விளக்கத்துக்கும் சாய்வுப் படம், அளவுக்கும் ஆவணத்துக்கும் செங்குத்துப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்கும் சுவருக்கும் இரண்டும் வேண்டும்.

பறப்பதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள்

ட்ரோனை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால், செயற்கைக்கோள் படங்களில் உங்கள் நிலம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. சில கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. அவற்றின் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இப்போதைய லேண்ட்சாட் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய புள்ளி, தரையில் 30 மீட்டர். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்களில் அது 10 மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடக்கின்றன. இந்த அளவில் வேலியோ கிணறோ தெரியாது. ஆனால் ஒரு பெரிய தோப்பு எந்த ஆண்டில் வெட்டப்பட்டது, ஏரியின் நீர்ப்பரப்பு எந்தப் பருவத்தில் எங்கே வரை வந்தது, ஆறு கரையை எந்தப் பக்கம் தின்றுகொண்டு வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது.

வீடும் மரமும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் கூகுள் எர்த் போன்றவற்றில் உள்ள நுணுக்கமான படங்களைப் பார்க்கலாம். அதிலுள்ள பழைய படங்களைக் காட்டும் வசதியைப் பலர் தொட்டுப் பார்ப்பதே இல்லை. அவற்றைப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே உள்ள தேதியைக் கவனியுங்கள், அதன்மேல் வரைந்த எல்லைக்கோட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தப் படங்கள் தரையோடு பொருத்தப்பட்டிருப்பதில் சில மீட்டர் பிசகு இருக்கக்கூடும். ஒரே வீட்டுக் கூரை 2 வெவ்வேறு ஆண்டுப் படங்களில் இடம் மாறி உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். வீடு நகரவில்லை, படம்தான் நகர்ந்திருக்கிறது. அந்தப் பிசகைக் காட்டிப் பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

அனுமதியும் அண்டை வீட்டாரும்

ட்ரோன் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. பல நாடுகளில் பொதுவான பறப்புக்குத் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி, உச்ச வரம்பாக இருக்கிறது. விமான நிலையங்களுக்கும் பாதுகாப்பு நிலைகளுக்கும் அருகே தடை இருக்கும். பதிவு, ஓட்டுநர் தேர்வு, எடைப் பிரிவு ஆகியவற்றை உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்திலேயே நேராகப் படித்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். நிலம் உங்களுடையது என்பதால் அதன்மேல் உள்ள வானமும் உங்களுடையது ஆகிவிடாது.

அண்டை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரைபடம் எடுக்கும் பறப்பில் எல்லையைச் சற்றுத் தாண்டித் திரும்பியாக வேண்டும். அவர்கள் வீட்டு முற்றமும் படத்தில் விழும். எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் பறக்கும், படம் யாரிடம் இருக்கும் என்று சொல்லி வைத்தால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். எல்லைத் தகராறு ஏற்கெனவே இருக்கிறது என்றால் எழுத்தில் தெரிவிப்பது இன்னும் நல்லது.

தரையில் செய்ய வேண்டிய வேலை

இந்த வேலையில் நான் தொடக்கத்தில் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஏக்கர் பரப்புள்ள ஒரு நிலத்தைப் பறந்து, நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி, மிக அழகான ஒரு பெரும்படத்தை உரிமையாளரிடம் கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துவிட்டு, "கல் எங்கே?" என்று கேட்டார். வடகிழக்கு மூலையில் இருந்த எல்லைக்கல் ஒரு முட்புதருக்குள் கிடந்தது. வானத்திலிருந்து தெரிந்தது புதர்தான். அவருக்கு வேண்டியிருந்த ஒரே பொருள் படத்தில் இல்லை.

அதன்பிறகு, ட்ரோன் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அரிவாளோடு எல்லையைச் சுற்றி நடப்பதை ஒரு கட்டாயமாக்கிக்கொண்டேன். பத்திரத்தோடு உள்ள வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் கல், இரும்புக் கம்பி, கான்கிரீட் தூண் என்று எது இருந்தாலும் தேடிக் கண்டுபிடியுங்கள். புதரை வெட்டித் திறந்துவிடுங்கள். கல்லின் தலை மண்ணுக்குள் புதைந்திருந்தால் சுற்றியுள்ள மண்ணை விலக்குங்கள். கல்லை மட்டும் அசைக்காதீர்கள், ஏனெனில் அசைந்த எல்லைக்கல் சாட்சி சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது. மரநிழலுக்கு அடியில் கல் இருந்தால் அதை மேலிருந்து காட்ட வழியில்லை. அப்போது, வானம் தெரியும் இரண்டு இடங்களில் குறிகள் வைத்து, அவற்றிலிருந்து கல்லுக்கு உள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த 2 தூரங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பிறகு படத்தின்மேல் வரைந்துகொள்ளலாம். 2 வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டும் என்பதால், கல் குறிகளுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

கிடைத்த கல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறியட்டை வேண்டும். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கல் 60 மீட்டர் உயரத்திலிருந்து ஆறு பிக்சல் அளவுதான் விழும், அதைச் சாதாரணக் கல்லிலிருந்து பிரித்தறிய முடியாது. அரை மீட்டர் சதுரமுள்ள பலகையையோ தகட்டையோ நான்கு கட்டமாகப் பிரித்து, எதிரெதிர்க் கட்டங்களில் கறுப்பும் வெள்ளையும் பூசிக்கொள்ளுங்கள். நான்கு கட்டமும் சந்திக்கும் நடுப்புள்ளி கல்லின் நடுவுக்கு நேராக அமைய வேண்டும். பளபளப்பான வர்ணம் வேண்டாம். வெயிலில் அது வெள்ளைத் திட்டாக எரிந்து, நடுப்புள்ளியை விழுங்கிவிடும். பலகை இல்லாத இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கையகல அகலத்தில் பெருக்கல் குறி போட்டாலும் போதும், காற்று வருவதற்குள் பறந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

உயரத்தைத் தீர்மானிக்கும் கணக்கு

உயரமாகப் பறந்தால் சிறப்பான படம் கிடைக்கும் என்ற எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. உயரம் கூடக்கூடப் படத்தில் அடங்கும் பரப்பு கூடுகிறது, நுணுக்கம் அதே விகிதத்தில் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு எளிய கணக்கால் முன்கூட்டியே அறியலாம்: கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் தகடான உணரியின் அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தாலும் படத்தின் பிக்சல் அகலத்தாலும் வகுத்தால், ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது கிடைக்கும்.

உணரி அகலம் 13.2 மில்லிமீட்டர், குவியத் தூரம் 8.8 மில்லிமீட்டர், பட அகலம் 5472 பிக்சல் உள்ள ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். ஒரு அங்குல உணரி என்று அழைக்கப்படும் வகையில் இந்த அளவுகள் வழக்கமானவை. 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் 2.7 சென்டிமீட்டர், ஒரு படத்தில் 150 மீட்டருக்கு 100 மீட்டர் நிலம் அடங்கும். 60 மீட்டருக்கு இறங்கினால் ஒரு பிக்சல் 1.6 சென்டிமீட்டர், அடங்கும் நிலம் 90-க்கு 60 மீட்டர். ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காண அது குறைந்தது ஐந்தாறு பிக்சலாவது விழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கம்பத்தைக் காண வேண்டியவருக்கு ஒரு உயரம், வயலின் வரப்பைக் காண வேண்டியவருக்கு வேறு உயரம். கூரையின் ஓட்டு விரிசலைக் காண வேண்டியவர் பத்து மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும்.

படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்

ஒரே படத்தில் அடங்காத நிலத்தைப் பல படங்களாக எடுத்து மென்பொருளில் ஒட்டும்போது, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியை மீண்டும் காட்ட வேண்டும். நம் இரண்டு கண்களும் இரண்டு இடத்திலிருந்து பார்ப்பதால் ஆழம் தெரிவதுபோல, தரையின் ஒரே புள்ளியைப் பல இடங்களிலிருந்து பார்த்தால்தான் மென்பொருள் அதன் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட முடியும். பறக்கும் திசையில் 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 விழுக்காடு படிதல் என்பது பாதுகாப்பான அளவு. மேற்சொன்ன கேமராவுக்கு 60 மீட்டர் உயரத்தில் இது, 12 மீட்டருக்கு ஒரு படம், 27 மீட்டருக்கு ஒரு பறப்புக் கோடு என்று ஆகிறது. ஒரு ஹெக்டேர் சதுர நிலத்துக்கு ஓரங்களையும் சேர்த்து ஏறக்குறைய எழுபது படங்கள். கையால் ஓட்டி இதைச் சாதிக்க முடியாது. திட்டமிடும் செயலியில் எல்லையை வரைந்து உயரத்தையும் படிதலையும் கொடுத்தால் ட்ரோன் தானே உழவுச்சால்போல் போய்த் திரும்பி எடுத்துவிடும்.

எல்லையோடு கோட்டை நிறுத்திவிடாமல், ஒரு கோட்டு அகலமாவது வெளியே போய்த் திரும்பும்படி திட்டமிடுங்கள். ஓரத்திலுள்ள புள்ளிகள் ஒன்றிரண்டு படங்களில் மட்டுமே விழுவதால் அங்கே கணக்கு தளர்ந்துவிடும், நமக்கு வேண்டிய எல்லைக்கல்லோ ஓரத்தில்தான் இருக்கிறது.

வேகமும் வெளிச்சமும் சேர்ந்து கவனிக்க வேண்டியவை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும்போது ஷட்டர் நொடியில் 500-ல் ஒரு பங்கு திறந்திருந்தால் ட்ரோன் அதற்குள் 1 சென்டிமீட்டர் நகர்கிறது. இது ஒரு பிக்சலுக்குள் அடங்கும். வெளிச்சம் போதாமல் கேமரா தானாக 100-ல் ஒரு பங்குக்குப் போய்விட்டால் நகர்வு 5 சென்டிமீட்டர், மூன்று பிக்சலுக்கு எல்லாம் கரைந்துவிடும். ஆகவே ஷட்டரைக் கையால் நிர்ணயித்து, வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறையுங்கள். குவியத்தையும், நிறச்சாயலை நிர்ணயிக்கும் வெள்ளைச் சமநிலையையும் தொடக்கத்திலேயே பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய படம் பல நிறத் துணி ஒட்டுப் போட்டதுபோல் இருக்கும்.

வரைபடத்துக்கு ஏற்ற வெளிச்சம், நிழல் குட்டையாக விழும் நண்பகலையொட்டிய நேரம். அதைவிடவும் நல்லது மெல்லிய மேகம் ஒரே சீராகப் பரவிய நாள். துண்டு துண்டான மேகம் ஓடும் நாள்தான் மோசம், ஒரு படத்தில் வெயிலும் அடுத்ததில் நிழலுமாக மென்பொருளைத் திணறடிக்கும். நேர்மாறாக, பழைய வாய்க்கால் தடம், மூடிப்போன வண்டிப்பாதை, புதைந்துபோன அடித்தளம் போன்றவற்றைத் தேடுகிறீர்கள் என்றால் சூரியன் தாழ்ந்திருக்கும் காலையோ மாலையோதான் வேண்டும். ஒரு சாண் உயர மேடுகூட அப்போது நீண்ட நிழலைப் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்கலம் பற்றி ஒன்றே ஒன்று: 30 விழுக்காட்டுக்கு இறங்கும்போது திரும்பிவிடுங்கள், எதிர்க்காற்றில் திரும்புவதற்குப் போனதைவிட அதிகம் செலவாகும். தொடர்பு அறுந்தால் தானே திரும்பும் உயரத்தை, அங்குள்ள மிக உயரமான மரம் அல்லது கோபுரத்துக்கு மேலே வைத்தபின்தான் புறப்பட வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தின்மேல் வைத்துத் திசைகாட்டியைச் சரிசெய்யாதீர்கள். இரும்பு அதன் புத்தியைக் கெடுத்துவிடும். பருந்துகள் வட்டமிட ஆரம்பித்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவது நல்லது.

சரிவு, மரம், நீர்

சரிவான நிலத்தில், புறப்பட்ட இடத்திலிருந்து 60 மீட்டர் என்று வைத்துப் பறந்தால் மேட்டுப்பகுதிக்கு மேலே போகும்போது தரைக்கும் ட்ரோனுக்கும் இடைவெளி 30 மீட்டராகச் சுருங்கியிருக்கலாம். அங்கே படிதல் குறைந்து ஒட்டுதல் பிய்ந்துவிடும், மரத்தில் மோதும் ஆபத்தும் உண்டு. தரையைப் பின்தொடரும் வசதியைப் பயன்படுத்துங்கள், அல்லது நிலத்தை 2 அடுக்காகப் பிரித்துப் பறங்கள். அடர்ந்த தோப்பில் கேமராவுக்குத் தெரிவது மரங்களின் தலை மட்டும். தரையின் உயரம் வேண்டுமானால், இலை இடுக்குகளின் வழியே கீழே இறங்கும் லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவிதான் வழி. குளத்தின் நீர்ப்பரப்பில் மென்பொருள் பிடித்துக்கொள்ள நிலையான புள்ளி எதுவும் இல்லாததால் அந்த இடம் கிழிந்தோ நெளிந்தோ வரும். அது பிழையன்று, கரை தெளிவாக இருந்தால் போதும்.

எந்த அளவை எவ்வளவு நம்பலாம்

சாதாரண ட்ரோனில் உள்ள ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகக்கூடியது. ஒட்டிய படம் தனக்குள் சீராகவே இருக்கும், ஆனால் அது முழுவதுமாக இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். லென்ஸ் வளைவைச் சரியாகக் கணிக்க முடியாதபோது, தட்டையான நிலம் கவிழ்த்து வைத்த தட்டுபோல் நடுவில் உப்பியும் தோன்றலாம். இவ்விரண்டையும் திருத்துவதற்குத்தான் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்: துல்லியமான அளவைக் கருவியால் இடம் கண்டறியப்பட்ட குறியட்டைகள். குறைந்தது ஐந்து வேண்டும், நான்கு மூலையிலும் ஒன்று, நடுவில் ஒன்று. ஓரமாக ஒரே வரிசையில் வைத்தால் பயனில்லை. இவற்றைத் தவிர இரண்டு மூன்று குறிகளை அளந்து வைத்துக்கொண்டு, மென்பொருளிடம் சொல்லாமல் மறைத்துவிடுங்கள். வேலை முடிந்தபின், படம் காட்டும் இடத்தையும் நீங்கள் அளந்த இடத்தையும் ஒப்பிட்டால் உண்மையான பிழை தெரியும். மென்பொருள் தன் அறிக்கையில் தனக்கே கொடுத்துக்கொள்ளும் மதிப்பெண்ணைவிட இந்த ஒப்பீடு நம்பகமானது. சென்டிமீட்டர் அளவில் தன் இடத்தைத் திருத்திக்கொள்ளும் ஆர்டிகே வசதியுள்ள ட்ரோனைப் பயன்படுத்தினாலும் இந்தச் சோதனைப் புள்ளிகளை விடக் கூடாது.

ஒட்டி நேர்ப்படுத்திய படத்தில் தரை தன் இடத்தில் இருக்கும், ஆனால் உயர்ந்து நிற்பவை சாய்ந்திருக்கக்கூடும். 100 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது, கேமராவுக்கு நேர்க்கீழிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கும் 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சி, தன் அடியிலிருந்து ஐந்தரை மீட்டர் வெளிப்புறமாக விழும். படிதலை அதிகமாக வைத்து, ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தினால் இது பெருமளவு குறையும், முற்றிலும் போகாது. அப்படியே போனாலும், மேலிருந்து தெரிவது கூரையின் விளிம்பு. சுவர் அதற்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கூரை உங்கள் எல்லைக்கு மேல் நீள்கிறது என்பதையும், சுவரே எல்லைக்குள் வந்துவிட்டது என்பதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இவை இரண்டும் வேறு வேறு வழக்குகள்.

பரப்பளவை அளக்கும்போது இன்னொரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நில ஆவணங்களில் பரப்பு என்பது பொதுவாகக் கிடைமட்டப் பரப்பு. முப்பரிமாண மாதிரியின் மேற்பரப்பை மென்பொருள் அளந்து சொன்னால், 30 பாகை சரிவில் அது ஏறக்குறைய 15 விழுக்காடு அதிகமாக வரும். மலைச்சரிவில் நிலம் வைத்திருப்பவர் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கு இரகசியமாகக் கூடுதல் நிலம் இருப்பதாக மகிழ்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கணக்கைப் புரியவைப்பதற்கு ஒரு மடித்த தாளும் அதன் நிழலும் தேவைப்பட்டன.

பழைய வரைபடத்தைப் படத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது, இரண்டும், இடத்தை எண்களால் குறிக்கும் ஒரே ஆயத்தொலை முறையில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய அளவைகள் பயன்படுத்திய பூமி மாதிரியும், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 மாதிரியும் வேறு என்பதால், மாற்றாமல் வைத்தால் நூற்றுக்கணக்கான மீட்டர்கூட விலகும். அவ்வளவு விலகினால் உடனே கண்ணில் பட்டுவிடும். சில மீட்டர் மட்டும் விலகும்போதுதான் ஏமாந்துபோவோம்.

எல்லைத் தகராறுக்காகப் படமெடுப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். படம் காட்டுவது வேலி இன்று எங்கே இருக்கிறது என்பதை. சட்டப்படி எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பத்திரமும் அளவைப் பதிவேடும்தான் சொல்லும். அதைத் தரையில் குறித்துக் கொடுக்கும் அதிகாரம் உரிமம் பெற்ற நில அளவையருக்கு உரியது. அவரை முதலில் அழைத்துக் கற்களைக் குறிக்கச் செய்து, அந்தக் கற்கள்மேல் அட்டை வைத்துப் பிறகு பறந்தால் இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும். வரிசையை மாற்றினால் இரண்டு தடவை பறக்க நேரும்.

விற்பனைப் படமும் கூரைப் படமும்

விற்பனைக்கான சாய்வுப் படங்களுக்கு 20 முதல் 40 மீட்டர் உயரமே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் வீடு தீப்பெட்டியாகிவிடும். நுழைவாயில் இருக்கும் பக்கத்தில் வெயில் விழும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, சாலையும் நிலமும் சேர்ந்து தெரியும்படி ஒன்று, சுற்றுப்புறத்தைக் காட்ட உயரத்திலிருந்து ஒன்று எடுத்தால் வாங்குபவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். படத்தின்மேல் எல்லைக்கோடு வரைந்தால் அது தோராயம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். பக்கத்தில் உள்ள மின்கோபுரத்தை மறைக்கும் கோணத்தைத் தேடுவதில் பயனில்லை, வாங்குபவர் நேரில் வரும்போது அது அங்கேதான் நிற்கும். ட்ரோனுக்கு அனுமதி இல்லாத இடத்தில், ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள கம்பின் நுனியில் கைபேசியைக் கட்டி உயர்த்தினாலே கூரைக்கும் முற்றத்துக்கும் போதிய படம் கிடைக்கும். 1906-ல் ஜார்ஜ் லாரன்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் நிலநடுக்கத்தில் சிதைந்த சான் பிரான்சிஸ்கோவைப் பட்டங்களின் வரிசையில் கேமராவைத் தொங்கவிட்டுத்தான் படமெடுத்தார்.

கூரையைப் பார்ப்பதற்கு நேர்க்கீழ்ப் படத்தோடு, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 45 பாகைச் சாய்வில் படங்கள் எடுங்கள். மேகமூட்டமான நாள் இதற்கு உகந்தது; வெயில் நாளில் உலோகக் கூரையும் சூரியத் தகடுகளும் கண்ணைப் பறித்து விரிசலை மறைத்துவிடும்.

வைத்திருப்பதும் மீண்டும் எடுப்பதும்

ஒட்டிய படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மூலப்படங்களை விட்டுவிடுவது உரிமையாளர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒவ்வொரு மூலப்படத்துக்குள்ளும் எடுத்த நேரமும் இடமும் உயரமும் பதிந்திருக்கின்றன. அவற்றைச் செய்திச் செயலி வழியே புகைப்படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு அந்தப் பதிவும் உதிர்ந்துபோகலாம். வட்டில் நேராக நகலெடுத்துக் கேளுங்கள். மூலப்படங்கள், இருப்பிடம் பதிந்த ஜியோடிஃப் கோப்பு, கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் அட்டவணை, சோதனைப் புள்ளிகளின் பிழை அளவு, மென்பொருள் அறிக்கை ஆகிய ஐந்தும் கொடுக்கப்பட வேண்டும் என்று வேலையை ஒப்படைக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல நாடுகளின் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்கே போகும். அதையும் அதே தாளில் தீர்த்துவிடலாம். காப்பீடும் உரிமமும் இருக்கின்றனவா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீங்களே ஒட்டிப் பார்க்க விரும்பினால் ஓபன்ட்ரோன்மேப், அதன்பின் அளந்து பார்க்க க்யூஜிஐஎஸ் ஆகிய இரண்டும் திறமூல மென்பொருள்கள்; கட்டணமில்லை, பொறுமைதான் வேண்டும்.

மண் அரிப்பு, ஆக்கிரமிப்பு, மரங்களின் வளர்ச்சி ஆகியவற்றைக் கண்காணிக்கிறவர்கள் அதே பறப்புத் திட்டத்தைச் சேமித்து வைத்து, அதே பருவத்தில், அதே நேரத்தில், அதே உயரத்தில் மறுபடி பறக்க வேண்டும். மழைக்காலப் பச்சையையும் கோடைக்கால வெறுமையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாமே மாறியதுபோல் தோன்றும். ஆண்டுதோறும் அட்டை வைப்பதற்குப் பதிலாக, அசையாத பாறையிலோ கிணற்றுத் திட்டிலோ நிரந்தரக் குறிகளைப் பூசிவைத்து ஒரு தடவை துல்லியமாக அளந்துவிடுங்கள். அடுத்த முறைகளில் வெளுத்த இடத்தில் வர்ணம் மட்டும் தொட்டால் போதும்.

எல்லாம் முடிந்து பெரும்படம் கைக்கு வந்தபின், அதைப் பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு நிலத்தை ஒருமுறை சுற்றி நடந்து வாருங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அருகில் நின்று, தாளில் அந்த அட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பேனாவால் வட்டமிடுங்கள். தரையில் கால்பட்டும் தாளில் தென்படாத கல் ஏதாவது இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டு வாருங்கள்; அடுத்த பறப்புக்கு முதல் அட்டை வைக்க வேண்டிய இடம் அது.